பிந்தி வந்த கண்

தயாபரன் மாஸ்டர் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்ற பேச்சு தோட்டம் முழுக்கப் பரவியபோது, அதை நம்பாத ஒரே ஆள் அவனுடைய அக்கா ராசம்மாதான்.

நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கும் அந்தத் தோட்டத்தில் மாஸ்டர் என்றால் அவன் ஒருவன்தான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரம் பாஸ் பண்ணி, ஆசிரியர் நியமனம் வாங்கி, வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் எடுத்தவன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்தான். பின்னேரங்களில் கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தான். அந்த வகுப்பு முடிந்து, பொழுது சாய்கிற நேரத்தில் அவன் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் கதை பிறந்தது. ஒருநாள் லயத்து வாசலில் கிடந்த வாளியில் கால் இடறி விழுந்தான். இன்னொரு நாள் தண்ணீர் ஓடும் கானுக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டு, எடுக்கத் தெரியாதவன் போல நின்றான். எதிரே வந்த தோட்டத் தலைவர் மேலேயே போய் முட்டினான்.

பீலியடியில் குடம் நிறையக் காத்திருந்த பெண்களுக்கு இது போதுமாக இருந்தது.

"மாஸ்டருக்கு இன்னைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு போல."

"படிச்ச மனுசன். நம்ம கசிப்பெல்லாம் தொடுவாரா? பதுளைச் சரக்கா இருக்கும்."

"எந்தச் சரக்கா இருந்தா என்னா, விழற கான் ஒரே கான்தானே!"

சிரிப்பு அடங்குவதற்குள் ராசம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குடத்தை வீட்டில் இறக்கி வைத்த கையோடு தம்பி வீட்டு மேட்டில் ஏறினாள். தயாபரன் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வாயத் தொற."

"என்னாக்கா?"

"ஊதுடா."

"எனக்கு நாப்பத்தேழு வயசாகுது."

"ஊதச் சொன்னேன்."

ஊதினான். இஞ்சித் தேத்தண்ணி வாசம். வாசற்படியில் நின்ற அவன் பெண்சாதி விஜயலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதை ராசம்மா கவனித்தாள். எதையும் கவனிக்காமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஊருக்கே சட்டையும் ஜாக்கெட்டும் தைத்துக் கொடுக்கிறவள். ஒரு நூல் பிசகினாலும் முழுவதும் பிரித்துப் போட்டுத் திரும்பத் தைப்பாள்.

விஜயலெட்சுமி நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை ராசம்மா வாங்கித் தம்பியின் பக்கவாட்டில் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. மெல்ல அவன் முகத்துக்கு நேரே கொண்டு வந்தாள். அப்போதுதான் திடுக்கிட்டுக் கையை நீட்டினான். தலையை ஒரு பக்கம் சரித்து, கோழி தீனியைப் பார்ப்பதுபோலக் கோப்பையைப் பார்த்தான்.

அந்தச் சரிவை ராசம்மாவுக்குத் தெரியும். செத்துப்போன ரெங்கசாமி மாமா அப்படித்தான் பார்ப்பார்.

"எப்பருந்துடா?"

அவன் மறைக்கவில்லை. "லதுஷா பொறந்த வருசத்துலருந்தே இருட்டுல தட்டுப்படுறது கஷ்டம்க்கா. இப்ப பகல்லயும் ஓரமெல்லாம் போயிருச்சு. ஒரு குழாய்க்குள்ளால பாக்குற மாதிரி. நேரா இருக்கறது மட்டும் தெரியும்."

"ஊரே குடிகாரன்னு சிரிக்குது. பேசாம இருக்கியே!"

"குடிகாரன் மகளக் கட்டுவாங்கக்கா. கண்ணு தெரியாதவன் மகள எவன் கட்டுவான்?"

"எவன் கட்டாட்டி எனக்கென்ன? என் மகன் இருக்கான். அவ என் வீட்டுக்கு வரப்போறவ."

ராசம்மா இதைச் சொன்னதும் தம்பி முகம் மலரும் என்று நினைத்தாள். அவன் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடுகிறவன்போலத் தரையைத் தடவிக்கொண்டிருந்தான். 

*

அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். ராசம்மா ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டினாள். தம்பிக்கு அன்று ஆறோ ஏழோ வயது. மழைக் காலத்தில் அவனைக் கூடைக்குப் பதிலாக முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுவாள். தாமதமாகப் போய்க் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்குவாள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் அவன் தேறியபோது அந்தக் கணக்கப்பிள்ளையே இனிப்பு வாங்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார். "என் தம்பி" என்று அவள் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும். இன்றைக்கும் ஏறும்.

அவனுக்கு நியமனம் கிடைத்த வாரம் அவளே வெள்ளைக் காற்சட்டை தைத்தாள். அப்போது கடன் வாங்கிய கைமெஷினில் தைத்தது. பின்பக்கத் தையல் அரை நூல் கோணியிருக்கிறது என்று இரண்டு தடவை பிரித்தாள். மூன்றாம் தடவை அவன், "அக்கா, பின்னால என்னை யாரு பாக்கப் போறா?" என்றான். "பிள்ளைங்க பாக்கும்டா. நீ பலகையில எழுதும்போது அதுங்க வேற எதைப் பாக்கும்?" என்றாள்.

கண் விஷயம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. அம்மாவின் அண்ணன் ரெங்கசாமிக்கு முப்பது வயதில் இருட்டில் பார்வை குறைந்தது. மாலைக்கண் என்று சொல்லி ஆட்டீரல் கொடுத்தார்கள், முருங்கைக் கீரை கொடுத்தார்கள், மீனெண்ணெய்க் குளிசையும் கொடுத்தார்கள். ஐம்பதில் முழுதாகப் போய்விட்டது. குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ரெங்கசாமியின் தாய், அதாவது ராசம்மாவின் பாட்டி, ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து வந்தவள். வெளித் தோட்டத்து ரத்தம். கண் நோய் அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். இனிமேல் வெளியே பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. நோய் தானாக ஒழிந்துவிடும்.

அந்த முடிவின்படிதான் ராசம்மாவை ரெங்கசாமியின் மகன் சிவனுவுக்குக் கட்டி வைத்தார்கள். கண் தெரியாத மாமனுக்குச் சோறு பிசைந்து கையில் கொடுப்பதும், பகலில் வெயில் படும் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பதும் அவள் வேலையானது. அவள் குறைபட்டதில்லை. சிவனுவின் கண்ணுக்கு எந்தப் பழுதும் வரவில்லை. நெஞ்சு வலியில் அவன் போகும் வரைக்கும் ஊசியில் அவளுக்கு நூல் கோத்துக் கொடுத்தவன் அவன்தான். பெரியவர்கள் முடிவு சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அதனால்தான் தயாபரன் தன்னோடு படிப்பிக்கிற விஜயலெட்சுமியைக் கட்டப்போவதாகச் சொன்னபோது ராசம்மா தாண்டிக் குதித்தாள். அதிலும் பெண் ஹல்துமுல்லைக்காரி! ஒரு மாதம் தம்பியோடு பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். உனக்குப் பெண் பிறந்தால் அவள் என் வீட்டுக்கு வரவேண்டும். போன ரத்தம் திரும்ப வரவேண்டும். தயாபரன் தாலி கட்டுவதற்கு முதல்நாள் மாரியம்மன் கோவில் வாசலில் அக்காவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

லதுஷா பிறந்தபோது ராசம்மாவின் மகன் துஷாந்துக்கு நான்கு வயது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "இதுவா என் பொண்டாட்டி? பல்லே இல்லையே" என்று அவன் கேட்டதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே இரண்டும் வளர்ந்தன. துஷாந்த் பதுளையில் ஆட்டோ ஓட்டினான். லதுஷா பதுளையில் கணக்கியல் படித்தாள். போகும்போது அவன் ஆட்டோவில்தான் போவாள். வாடகை கேட்டால், "அத்தைகிட்ட வாங்கிக்க" என்பாள்.

*

தையல் அறையில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் தயாபரன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவளாக அழைத்திருந்தாள். நல்ல நாள் பார்த்துப் பரிசத் தட்டு எடுத்து வருவதாகச் சொல்லத்தான் அழைத்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்க்கா. துஷாந்த் ரத்தத்தைக் கொஞ்சம் பாக்கணும்."

"எதுக்கு?"

அவன் பதுளையில் ஸ்ரீஸ்கந்தராஜா என்ற கண் டொக்டரிடம் போய் வருவதையும், ஆய்வு செய்கிற ஆட்கள் தன் ரத்தத்தை வாங்கி ஜீனைப் படித்துப் பார்த்ததையும் சொன்னான். ராசம்மாவுக்கு ஜீன் என்ற சொல் தெரியும். தம்பி வாயில் எத்தனையோ தடவை கேட்டதுதான். அது தன் வீட்டுக்குள் வரும் என்று நினைக்கவில்லை.

தயாபரன் தடவிப் பார்த்து ஒரு துணியை எடுத்தான். அவள் சோக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்த ஜாக்கெட் துணி.

"இதுல முன்பக்கம், பின்பக்கம், கை, எல்லாம் இருக்கு. ஆனா ஒட்டி இல்ல. நடுவுல வேண்டாத துணி இருக்கு. நீ என்ன செய்வே?"

"கோட்டோட வெட்டி, வேண்டாததத் தூக்கிப் போட்டுட்டுச் சேத்துத் தைப்பேன்."

"கண்ணுக்குள்ள இருக்கற விழித்திரையிலயும் அதுதான் நடக்குது. அங்க வேலை செய்ற ஜீன்ல அநேகமானது ஒரே துணியா இல்ல. நம்ம வீட்டுல பழுதான ஜீன் இருபது துண்டுக்கு மேல. நடுவுல வேண்டாதது அதைவிட நெறைய. உடம்பு கோடு பாத்து வெட்டிச் சேக்கும். நமக்கு ஒரு துண்டு முடியற எடத்துல ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சு."

"கோடு அழிஞ்சு போச்சுன்னு சொல்லு."

"அதேதான். எங்க வெட்டறதுன்னு தெரியாம வேண்டாததையும் சேத்துத் தைச்சிருச்சு. அந்த ஜாக்கெட்ட யாரும் போட முடியாது."

ராசம்மா அந்தத் துணியை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்தாள்.

"யாரு கொண்டாந்தா இத நம்ம வீட்டுக்கு?"

"ஜீனக் கேக்குறியா, தப்பக் கேக்குறியா? ஜீன்னா அது நமக்குச் சொந்தமே இல்லக்கா. பதுளு ஓயா மீனுக்கும் இருக்கு, கோழிக்கும் இருக்கு, பூனைக்கும் இருக்கு. துண்டு துண்டா இருக்கற விதம்கூட அநேகமா ஒண்ணுதான். முதுகெலும்புள்ள உயிரெல்லாம் பிரியறதுக்கு முன்னாடி, கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்ன, ஒரே ஒரு அளவு ஜாக்கெட் இருந்துச்சுன்னு வச்சுக்க. அதைப் பாத்து இன்னொண்ணு வெட்டினாங்க. அதைப் பாத்து இன்னொண்ணு. கொஞ்சம் கொஞ்சமா மாறி, சிலது வெளிச்சத்துல பாக்குறதுக்கு ஆச்சு, சிலது இருட்டுல பாக்குறதுக்கு ஆச்சு. ஒளியப் பிடிக்கிற ஜீன்கள்ல பகல் கண்ணோடதுதான் மூத்தது. இரவுக் கண்ணோடது பிந்தி வந்தது. நம்ம பழுது இரவுக் கண்ணுல. அதான் பிந்தி வந்தது முந்திப் போகுது."

"பழுது இரவுக் கண்ணுலன்னா, பகல்ல ஏன்டா உனக்குத் தெரிய மாட்டேங்குது?"

தயாபரன் தரையில் கிடந்த துணித் துண்டு ஒன்றைத் தடவி எடுத்து மடித்தான். வகுப்பில் பிள்ளைகள் இதைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவான்.

"பகல் கண்ணு ஜீன்ல ஒரு குறையும் இல்லக்கா. ஆனா ரெண்டும் அவ்வளவு காலம் பக்கத்துல பக்கத்துல வாழ்ந்துட்டுதுங்க. இரவுக் கண்ணு செத்தா, பகல் கண்ணுக்குத் தனியா இருக்க முடியல. மெதுவா அதுவும் போயிரும். ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியல."

வெளியே யாரோ ஆடு விரட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. ராசம்மா கேட்க வந்த கேள்விக்குத் திரும்பினாள்.

"நான் தப்பைத்தான் கேட்டேன். நம்ம பாட்டிதானே, ரெங்கசாமி மாமாவோட அம்மா?"

"அவங்களும் வெளியாளு இல்லக்கா. விசாரிச்சேன். அவங்க அப்பாவும் நம்ம பாட்டனும் திருச்சிப் பக்கம் ஒரே ஊரு. ஒரே கங்காணி ஒரே கூட்டமா கூட்டிட்டு வந்த ஆளுங்க. எழுத்து மாறினது அங்க எப்பவோ, யாரோ ஒருத்தருக்கு. அப்பா வழியா ஒண்ணு, அம்மா வழியா ஒண்ணு, எல்லாருக்கும் ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணு கெட்டாலும் மத்தது தாங்கும். அந்த ஆளுக்கு ஒரு கொறையும் தெரியாது. ரெண்டும் கெட்டாத்தான் கண்ணு போகும். கெட்டதும் கெட்டதும் சந்திக்க எங்க வழி? நமக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கட்டிக்கிட்டா வழி."

இருந்த இடத்திலேயே ராசம்மா நிமிர்ந்தாள்.

"அப்ப உள்ள கட்டினது தப்புன்னு சொல்றியா? நான் கட்டினது தப்பா?"

"தப்புன்னு சொல்லலக்கா."

"வெளியில கட்டின நீ கெட்டிக்காரன். மாமன் சொல்லுக்கு மாமன் மகனக் கட்டின நான் மடைச்சி. இப்ப என் மகன் ரத்தம் ஒனக்கு ஆகாது. கோவில் வாசல்ல அடிச்ச சத்தியத்துல ரத்தம் பாத்தா அடிச்ச?"

"என்கிட்ட ரெண்டும் பழுது. அதனால லதுஷாகிட்ட ஒண்ணு கட்டாயம் இருக்கும். அவ கண்ணு நல்லா இருக்கறது அவ அம்மா குடுத்த மத்ததால. ரெங்கசாமி மாமாகிட்டயும் ரெண்டும் பழுது. அப்ப அத்தான்கிட்ட ஒண்ணு இருந்திருக்கும். துஷாந்துக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். தெரிஞ்சுக்கிட்டுக் கட்டுவோம்னுதான் கேக்குறேன்."

"எந்திரிச்சுப் போடா."

அவன் எழுந்தான். கதவு நிலையில் தோள் இடித்தது. ராசம்மா கை நீட்டவில்லை. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த துஷாந்த்தான் அவன் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கினான்.

திரும்பி வந்து, "நான் ரத்தம் குடுக்குறேம்மா" என்றான்.

"ஒண்ணும் வேணாம்."

"குடுக்குறேன். மாமாவுக்காக இல்ல."

அவன் முகத்தை அவள் பார்த்தாள். ஆறு மணிக்குப் பிறகு வாடகைக்குப் போவதில்லை என்று இந்த ஒரு வருடமாக அவன் பிடிவாதமாக இருப்பது நினைவுக்கு வந்தது. குடிகாரர்கள் ஏறுகிறார்கள் என்று சொல்லுவான். போன தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போது லயத்துப் பிள்ளைகள் அவன் கையைப் பிடித்து இழுக்க, வாசலை விட்டு அசையவே மாட்டேன் என்றவன். அரை நூல் கோணலைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. இதை மட்டும் ஒரு வருடமாகப் பார்க்காமலே இருந்திருக்கிறது.

*

முடிவு வர மாதக்கணக்காயிற்று. டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். மூன்று பேரையும் உட்காரச் சொல்லிவிட்டுத் தன் கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்ததுமே தயாபரன் தலையைக் குனிந்தான்.

"அம்மா, உங்கட மகனுக்கும் அந்த ரெண்டு பிரதியும் மாறித்தான் இருக்கு. உங்களிட்டையும் ஒண்டு இருந்திருக்கு, அவற்ற அப்பாவிட்டையும் ஒண்டு இருந்திருக்கு. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்க நியாயமில்லை. விளங்குதோ?"

"என்கிட்டயா? எனக்குக் கண்ணு நல்லா இருக்குங்க. இன்னமும் ஊசியில நூல் நானே கோக்குறேன்."

"ஓம். அதுதான் இதின்ர கொடுமை. சுமக்கிற ஆளுக்குத் தெரியிறதில்லை."

துஷாந்த், "இன்னும் எத்தன வருசம் ஓட்டலாம் சேர்?" என்று கேட்டான்.

"இரவில இப்பவே வேண்டாம் தம்பி. பகலுக்கு ஓரப் பார்வையை அளந்துபோட்டுச் சொல்லுறன். ஆனா வேற தொழில் ஒண்டு இப்பவே பழகுங்கோ. உலகத்தில ஒரு சில ஜீனுக்கு மருந்து வந்திருக்கு. இதுக்கு இன்னும் வரேல்லை. வராது எண்டு நான் சொல்ல மாட்டன்."

கல்யாணத்தைப் பற்றித் தயாபரன்தான் கேட்டான். டொக்டர் யாரையும் பார்க்காமல் சொன்னார். பிள்ளைகள் பிறந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கட்டுவதும் விடுவதும் அவர்களுடைய முடிவு. அதில் தனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பும்போது ஆட்டோவைத் துஷாந்த்தான் ஓட்டினான். நல்ல வெயில். வளைவுகளில் வழக்கத்தைவிட மெதுவாகத் திருப்பினான். பின்னால் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தோட்டத்துப் பாதை பிரிகிற இடத்தில் தயாபரன், "அக்கா" என்றான். "நீ கேட்டா நான் இப்பவும் பொண்ணக் குடுப்பேன். சத்தியம் சத்தியம்தான். நீ கேளு."

ராசம்மா கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

*

லதுஷா அத்தை வீட்டுக்குத் தனியாக வந்தாள். வந்ததும் அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு எந்தக் காலத்திலும் அழைப்பு தேவைப்பட்டதில்லை.

"அத்தை, அப்பா உங்ககிட்ட விட்டுட்டாரு. மச்சான் என்னைப் பாக்குறதையே விட்டுட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்னா சொல்லணும்?"

"கேளுங்க. என்னைப் பொண்ணு கேளுங்க."

"பிள்ளைக்குப் பாதிக்குப் பாதின்னு சொல்றாங்கம்மா."

"பிள்ளையே வேணாம்."

"இருபத்திரண்டு வயசுல வேணாம்பே. முப்பதுல மடி தேடும்."

லதுஷா துருவுவதை நிறுத்தினாள். "சரி, பொறக்கட்டும். ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. அப்பாவுக்குக் கண்ணு இப்படி ஆகும்னு முன்னமே தெரிஞ்சிருந்தா, அப்பா பொறக்காம இருந்திருக்கணுமா? நீங்க முதுகுல தூக்கிட்டுப் போனீங்களே, அந்தத் தம்பி வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?"

 தம்பி இல்லாத ஒரு லயத்தை ராசம்மாவால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. கண் தெரியாத ரெங்கசாமி மாமாவை மட்டும் நினைத்துப் பார்க்க முடிந்தது. வெயிலில் உட்கார்ந்து, யார் நடந்தாலும் "யாரு?" "யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்தக் குரலை.

அறைக்குள்ளிருந்து துஷாந்த் வந்தான். அதுவரை அங்கே இருந்திருக்கிறான்.

"அம்மாவைக் கேக்காத லதுஷா. என்னைக் கேளு. காலையில மாமாவைப் பள்ளிக்கூடத்துக்கு யாரு கூட்டிட்டுப் போறா?"

"நான்தான். அதுக்கென்ன?"

"பின்னேரம்?"

அவள் தேங்காய்ப் பாதியைக் கையில் எடுத்தாள்.

"ஒரு கைய மாமா பிடிச்சுருக்காரு. மத்தக் கைய நான் பிடிப்பேன். பொறக்கறது எதைப் பிடிக்கும்? ஒனக்குன்னு ஒரு கை வேணாமா?"

"எனக்கு வேணாம்னா?"

"எனக்கு வேணும். உன் கை சும்மா இருக்கணும்."

"நீ யாரு அதைச் சொல்ல?" என்றாள். தேங்காய்ப் பாதியை அவன் மேல் எறிந்தாள். பக்கவாட்டிலிருந்து வந்ததை அவன் காணவில்லை. தோளில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் திரும்பினான். எறிந்தவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

அன்று பின்னேரமே ராசம்மா தம்பி வீட்டு மேட்டில் ஏறினாள். விஜயலெட்சுமி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அவளை 'ஹல்துமுல்லைக்காரி' என்றே சொல்லி வந்த ராசம்மா, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முறத்தின் மறுமுனையைப் பிடித்தாள்.

"விஜி, உன் மகளுக்கு வெளியில பாரு."

விஜயலெட்சுமி முறத்தைக் கீழே வைத்துவிட்டு நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கட்டிலில் இருந்த தயாபரன் எழுந்து வாசல் நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றான். 

*

துஷாந்த் ஆட்டோவை விற்றுவிட்டான். அக்கம்பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்காமல் அம்மாவின் மெஷினில் உட்கார்ந்தான். ஊசி முனை மட்டும் தெரிந்தால் போதுமான வேலை. அது அவனுக்கு நேராகத் தெரிந்தது. முதல் மாதம் தைத்ததை எல்லாம் ராசம்மா பிரித்துப் போட்டாள். "என்னம்மா, அரை நூல்தானே" என்பான். "அரை நூல்தான்டா" என்று சொல்லிக்கொண்டே பிரிப்பாள்.

தயாபரன் இன்னும் படிப்பிக்கிறான். பலகையின் ஓரத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு, கண்ணின் படத்தை ஒரே இழுப்பில் வரைவான். தான் குடிகாரன் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு அவனே சொல்லிவிட்டான், காரணத்தையும் சொன்னான். பீலியடியில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. இரண்டு குடும்பத்தார் தங்கள் வீட்டில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் அவனிடம் வந்து கேட்டுப் போனார்கள். ஊரில் எத்தனையோ பேர் கேட்காமலும் கட்டினார்கள். அவன் யாரையும் தடுக்கவில்லை.

லதுஷாவுக்கு மொனராகலையில் மாப்பிள்ளை அமைந்தது. கரும்புத் தோட்டக் கந்தோரில் எழுத்து வேலை, நல்ல பிள்ளை. தயாபரன் எதையும் மறைக்காமல் சொல்லித்தான் பேசினான். கூறைச் சேலைக்கு ஜாக்கெட் ராசம்மா தைத்தாள். கொக்கி வைத்தவன் துஷாந்த். அதை அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

பெண்ணை வெளியே கொடுக்கும்போது முறைகாரரிடம் வெற்றிலை வைத்துச் சம்மதம் கேட்க வேண்டும். அத்தை சரி என்று எடுத்துக்கொண்டால்தான் உரிமை விட்டதாகும், அதற்குப் பிறகுதான் தாலி. கோவில் மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. வெளியே வெயில், உள்ளே அரை வெளிச்சம். தட்டைத் தயாபரன்தான் ஏந்தி வந்தான். விஜயலெட்சுமி அவன் முதுகைத் தொட்டுக்கொண்டு வழி காட்டினாள். முன்வரிசையில் மகனோடு நின்ற ராசம்மாவை நோக்கி நேராக வந்தவன், கடைசி இரண்டடியில் திசை தப்பினான். ஏதோ ஒரு தூணுக்கு முன்னால் நின்று தட்டை நீட்டினான்.

"அக்கா," என்றான், "என் மகள வெளியில குடுக்குறேன். நீங்க சம்மதம் சொல்லணும்."

சனம் அசையவில்லை. துஷாந்த் மாமாவின் குரல் வந்த பக்கம் திரும்பினான். அவனுக்கும் அந்த வெளிச்சத்தில் தட்டு தெரியவில்லை.

ராசம்மா நின்ற இடத்திலிருந்து தம்பியை இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. தானே நகர்ந்து போய், தூணுக்கும் தட்டுக்கும் நடுவில், அவன் கண்ணுக்கு நேரே நின்றாள். அந்தக் குழாய்க்குள் தன் முகம் வந்துவிட்டதை அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வெற்றிலையை எடுத்தாள்.

"சம்மதம்டா தம்பி."

மேளம் தொடங்கியது. அவன் தட்டை இறக்காமல், அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றான். கையிலிருந்த வெற்றிலை வாடத் தொடங்கும் வரைக்கும் அவளும் நகரவில்லை.